மாட்டு வண்டி வீதியும் நியூற்றன் விதிகளும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் கடந்ததும் பெரும் பாறைகள் வீதியை நெருங்கி நிற்பதைக் காண்பர். அவ்விடமே அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆட்சிக் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற தலம் இதுவேயெனப் பௌத்த மரபு போற்றும். அக்குகைகளின் பெருமையை எடுத்துரைத்த நூல்கள் பல. அவற்றின் அருகாற் செல்லும் வீதியைப் பற்றி எழுதினோர் சிலரே. கண்டியிற் புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா ஆகிய ஊர்களைக் கடந்து, யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 என்னும் அவ்வீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. யாழ்ப்பாணத்தார் அதனைக் கண்டி வீதி என்பர். மாத்தளை நகரத்தாரோ அதே வீதியைத் திருகோணமலை வீதி என்பர். வீதிக்குப் பெயரிடுவோர் தாம் நிற்கும் இடத்தை விட்டுத் தாம் செல்லும் இடத்தையே கருதுவர் போலும்.

அவ்வீதி தோன்றிய காலத்திலிருந்து அதன்மீது சென்ற பொருள்களின் வேகம் மாறிய வரலாற்றை ஆராயின், அரசர் சட்டங்களும் தேசாதிபதிகளின் கட்டளைகளும் மட்டுமன்றி, எவராலும் மாற்றவியலாத வேறு மூன்று விதிகளும் அவ்வரலாற்றிற் பங்குகொண்டமை புலனாகும். அம்மூன்றையும் ஐசக் நியூற்றன் தமது 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் வகுத்து வெளியிட்ட ஆண்டு 1687. கண்டி அரசை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட இரண்டாம் இராஜசிங்கன் மறைந்ததும் அதே ஆண்டிலேயாம். இவ்விரண்டிற்கும் தொடர்பு எதுவுமில்லை. எனினும் நினைவிற் கொள்வதற்கு வாய்ப்பானதோர் ஒற்றுமை.

இராஜசிங்கன் காலத்து மலைநாட்டு வழிகள் எவ்வாறிருந்தன என்பதை அறிவதற்கு றொபேட் நொக்ஸ் எழுதிய நூல் துணைசெய்கின்றது. 1660 இற் சிறைப்பட்டு 1679 இற் தப்பிச் சென்ற அவ்வாங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, இந்நாட்டின் பாதைகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒடுக்கமுடையன என்றும், அவற்றிற் காவலுக்காக முட்கதவுகள் அமைந்திருந்தன என்றும் விவரித்துள்ளார். இவ்வொடுக்கம் அறியாமையின் விளைவன்று. கரையோரத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்த காலத்தில், பீரங்கி வண்டி ஏறவியலாத பாதையே கண்டியரசின் சிறந்த அரண். பொருள்கள் மனிதர் தோளிலும் பொதிமாட்டின் முதுகிலுமே சென்றன. சிங்களத்தில் 'தவலம' எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் உப்பையும் கருவாட்டையும் மேலே கொணர்ந்து, பாக்கு முதலியவற்றைக் கீழே கொண்டு சென்றன. இப்பாதைகளில் இயங்கியவற்றுள் மிக விரைவானது ஓடும் மனிதனே. ஒருவரோடு ஒருவர் மோதின் நகைத்து விலகுவதன்றி வேறொன்றும் நேர்வதற்கில்லை.

1815 இற் கண்டி வீழ்ந்தது. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதற்கு ஆங்கிலேயர் பெரிதும் இடர்ப்பட்டனர். படை விரைந்து செல்ல வழியில்லாத நாட்டை ஆளவியலாது என்பதை அவர்கள் அப்போது உணர்ந்தனர். அதன் பயனாகத் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ண்ஸ் காலத்தில் வீதி அமைக்கும் பணி பெருமுயற்சியுடன் தொடங்கியது. கொழும்பு - கண்டி வீதியை அமைப்பதில் முன்னின்ற கப்டன் டோசன் 1829 இல் மறைந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக எழுந்த தூபி இன்றும் நிற்கின்றது. 1832 இற் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அஞ்சற் குதிரைவண்டி ஓடலாயிற்று. கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே நீண்ட வீதியும் அக்காலத்தில் வகுக்கப்பெற்ற வலையமைப்பின் தொடர்ச்சியேயாகும். இவ்வலையமைப்பைப் பிற்காலத்தில் விரித்த தோமஸ் ஸ்கின்னர் வீதியமைப்பிற் பயிற்சி எதுவுமின்றி, இளைஞராக இருந்தபோதே அப்பணியில் அமர்த்தப்பட்டவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் அவர் மறைந்தபின் 1891 இல் நூலுருப் பெற்றன.

பயிற்சியில்லாதாரும் மலையிலே வீதி அமைத்தமை எவ்வாறு இயன்றது? மாடே அவர்களுக்கு ஆசிரியராயிற்று எனலாம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மாத்தளை ஏறத்தாழ 360 மீற்றர். தம்புள்ளை 200 மீற்றருக்கும் குறைவு. இடையே பலகடுவைக் கணவாயைக் கடத்தல் வேண்டும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று 20 அடி முன்செல்ல 1 அடி உயரும் சரிவில் ஏறுமாயின், உராய்வை வெல்வதற்கு வேண்டிய இழுவைக்கு மேலாக, நிறையின் இருபதிலொரு பங்காகிய 50 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும். 8 அடிக்கு 1 அடி உயரும் சரிவாயின் அது 125 ஆகிவிடும். ஒரு மாடு தன் உடல் நிறையிற் பத்திலொரு பங்களவான இழுவிசையையே நெடுநேரம் தரவல்லது. ஆதலின் இரட்டை மாட்டு வண்டி முதலாவது சரிவில், பாரத்தைச் சற்றுக் குறைத்தால், மூச்சு வாங்கியேனும் ஏறிவிடும், இரண்டாவதில் நின்றுவிடும். உயரம் மாறாது, ஏறும் தூரத்தையே நீட்டலாம். மலை வீதிகள் பாம்பு போல் வளைவதன் காரணம் இதுவே. இவ்வளைவுகள் மாட்டின் வலிமைக்கு ஏற்ப அளந்து வைத்தவை என்பதைப் பின்னர் நினைவுகூர்தல் வேண்டும்.

வண்டி ஓட்டியவன் இயக்கத்தைப் பற்றி என்ன கருதியிருப்பான்? மாடு இழுக்கும்வரை வண்டி நகரும். மாடு நின்றால் வண்டியும் நின்றுவிடும். இழுவையே இயக்கத்திற்குக் காரணம்; இழுவை நீங்கின் இயக்கமும் நீங்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கூறியதும் ஏறத்தாழ இதுவே. அவர் நூலைக் கண்டறியாத கரத்தைக்காரன் அவருடைய மாணாக்கனாகவே வாழ்ந்தான். அவனை வாழச்செய்ததும் அக்கருத்தே. ஏனெனில் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியின் உந்தம் சிறிது. அச்சின் உராய்வும் கல்வீதியின் தடையும் பெரியன. வண்டி தானாக நின்றுவிடுவதால், பொருள்கள் யாவும் இயல்பாகவே நிற்க விரும்புவன என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றுகின்றது. அவ்வெண்ணம் பிழையென்பதை அவனுக்கு உணர்த்தியிருக்கக் கூடியது இறக்கம் ஒன்றே. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். அங்கே சக்கரத்தைக் கட்டையால் அழுத்தித் தடுத்தல் வேண்டும். ஐரோப்பியக் குதிரைவண்டிகளிற் சக்கரத்தின் கீழ் இரும்புச் செருப்பொன்றைச் செருகிச் சுழலவொட்டாமற் செய்து இறக்கினர்.

அவ்வீதியில் வண்டியுமின்றி நடந்தவர்களின் வரலாறு துயரமானது. 1830 களிலிருந்து மத்திய மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாகக் கால்நடையாக வந்தனர். வடக்குப் பாதை என வழங்கிய அவ்வழி தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தது. அலுவிகாரைப் பாறைகளைக் கண்டவர் தம் நெடுவழியின் முடிவு அணித்தாயிற்று என அறிந்திருப்பர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் நீரும் உணவுமின்மையாலும் இடைவழியில் மாண்டவர் பெருந்தொகையினர். அத்தொகை எவ்வளவென்பது பற்றி அக்காலத்திலேயே பத்திரிகைகளும் அதிகாரிகளும் முரண்பட்டனர். மாண்டவர் பெயரை எழுதி வைப்பார் இல்லாதவிடத்துத் தொகையைப் பற்றி மட்டும் வாதிடுதல் வழக்கமே. இவர்களை மாய்த்தது வேகமன்று, வேகமின்மையே எனலாம். நாட்கணக்கில் நடக்க வேண்டியிருந்த தூரத்தை இன்று பேருந்து சில மணிநேரத்திற் கடக்கின்றது. விரைவைப் பழிக்கப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

வீதியை யார் அமைப்பது என்ற வினாவும் இம்மாவட்டத்திற் குருதி சிந்த வைத்தது. அரசனுக்கு ஊழியம் செய்யும் இராஜகாரிய முறையை ஆங்கிலேயர் தம் வீதிகளுக்கும் பயன்படுத்தினர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1832 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆயின் 1848 இற் தொரிங்டன் பிரபுவின் ஆட்சியில் வீதிக் கட்டளைச் சட்டம் தோன்றியது. வயதுவந்த ஆண்கள் ஆண்டில் 6 நாள் வீதியில் வேலை செய்தல் வேண்டும். அன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும். ஒழிந்ததாகக் கருதப்பட்ட ஊழியம் வேறு பெயரில் மீண்டது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் விதித்த வரிகள் அதனோடு சேர்ந்துகொண்டன. அவ்வாண்டு யூலை 26 இல் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரு நாட்களின் பின் கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். அவர்கள் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த திசை எவ்வீதியின் திசையோ, அவ்வீதியைப் போன்றவற்றின் பொருட்டே அவர்கள் மீது வரி விழுந்தது. புரன் அப்பு ஓகத்து 8 இல் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அக்குழப்பத்தில் அலுவிகாரை விகாரையும் சேதமுற்றது. தொரிங்டன் பிரபு 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலும் விசாரணைக்கு உள்ளாயிற்று.

மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880 ஒக்ரோபரில். கோப்பியை ஏற்றுதற்கென வந்த புகைவண்டி, இலைநோயாற் கோப்பி அழிந்துகொண்டிருந்த வேளையில் வந்து சேர்ந்தது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு மிகச் சிறிது. இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது. அதனாலன்றோ கடுகண்ணாவைப் புகைவண்டிப் பாதையின் சரிவு 45 இற்கு 1 என்னுமளவிற்கு மென்மையாக அமைக்கப்பட்டது. தன் வழியைத் தானே வைத்துக்கொண்ட வாகனம் புகைவண்டி. மற்றவர் எவரும் அவ்வழியில் நடப்பதற்கில்லை.

மோட்டார் வாகனம் அவ்வாறன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டிற்கு வந்த அது, மாட்டுக்கும் மனிதனுக்கும் அளந்து அமைத்த வீதியிலேயே ஏறிக்கொண்டது. வீதியின் வளைவு பழையது, அகலம் பெரும்பாலும் பழையது, ஓரத்தே நடப்போர் பழையோர். வேகம் மட்டுமே புதியது. 1888 இல் டன்லொப் அமைத்த காற்றடைத்த சக்கர உறை அவ்வேகத்தைப் பொறுத்தற்குரியதாக்கிற்று. அவ்வுறைக்கு வேண்டிய இறப்பர் பின்னர் மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலும் விளைந்தது. சக்கரம் வீதியைப் பற்றி நிற்பது இவ்விறப்பரின் உராய்வினால் மட்டுமே. நான்கு சக்கரங்களும் நிலத்தைத் தொடும் பரப்பு நான்கு உள்ளங்கைகளளவே. பேருந்தில் அமர்ந்திருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை, எண்ணுவாராயின் உறங்கமாட்டார்.

இவ்விடத்தே நியூற்றனின் விதிகள் வெளிப்பட்டு நிற்கின்றன. முதல் விதியின்படி, புறவிசை தாக்காதவிடத்து நிற்கும் பொருள் நின்றவாறே நிற்கும். இயங்கும் பொருள் நேர்கோட்டிற் சீரான வேகத்தோடு இயங்கிக்கொண்டேயிருக்கும். இதனைச் சடத்துவம் என்பர். இவ்விதிக்கு மாத்தளையிலேயே அழகியதோர் எடுத்துக்காட்டுண்டு. முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் மாசி மகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். தேரை முதலில் அசைப்பதே கடினம். வடம் பிடித்தோர் அனைவரும் ஒருங்கே இழுத்தாற்றான் அசையும். அசைந்தபின் சிற்றிழுவையே போதும். இறக்கத்திலோ திருப்பத்திலோ அதனை நிறுத்துவதே கடினம். அதற்கென்றே தேரோட்டத்திற் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவோர் உளர். முட்டுக்கட்டை இடுவோன் வடம் பிடிப்போனைவிட விழிப்பாக இருத்தல் வேண்டுமென்பதை ஊரார் அனைவரும் அறிவர். வடம் பிடிக்க எவரும் வரலாம்; முட்டுக்கட்டையைப் பழகியவரிடமே கொடுப்பர். தேரில் அறிந்த இவ்வுண்மையைப் பேருந்தில் மட்டும் மறந்துவிடுகின்றோம். சாரதி திடீரெனத் தடுப்பை அழுத்த, நின்றிருப்போர் முன்னே சாய்கின்றனர். தம்மை யாரோ தள்ளியதாக எண்ணுகின்றனர். தள்ளியவர் எவருமில்லை. பேருந்தின் வேகம் குறைந்தது. அவர்கள் உடலின் வேகம் குறையவில்லை.

இரண்டாம் விதி விசையையும் திணிவையும் ஆர்முடுகலையும் தொடர்புபடுத்துவது. அதிலிருந்து பெறப்படும் முடிபுகளுள் வீதிக்கு மிக இன்றியமையாதது ஒன்று: நிறுத்தும் தூரம் வேகத்திற்கு நேர்விகித சமமன்று, வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமம். உலர்ந்த வீதியில் உராய்வுக் குணகம் 0.7 எனக் கொள்வோம். மணிக்கு 3.6 கிலோமீற்றர், அஃதாவது செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்திற் செல்லும் மாட்டு வண்டி, தன் சக்கரங்கள் முழுதும் பற்றி நிற்குமாயின், 7 சதமமீற்றரில் நின்றுவிடும். மணிக்கு 36 கிலோமீற்றரிற் செல்லும் வாகனத்திற்கு 7.3 மீற்றர் வேண்டும். 72 இல் அது 29 மீற்றர். மழை பெய்து குணகம் 0.4 ஆகக் குறையின் அத்தூரம் 51 மீற்றர். இருபதுக்கு ஒன்றான இறக்கமும் சேரின் 58 மீற்றர். இவற்றோடு, கண் கண்டதைக் கால் அறிந்து தடுப்பை மிதிப்பதற்குச் செல்லும் காலத்தையும் கூட்டுதல் வேண்டும். அது ஒரு செக்கன் எனினும், 72 கிலோமீற்றர் வேகத்தில் 20 மீற்றர் தூரம் வெறுமனே கழிந்துவிடும். மாட்டு வண்டியின் 7 சதமமீற்றருக்கும் மழைக்கால வாகனத்தின் 78 மீற்றருக்கும் இடையே ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. வேகம் கூடியதோ இருபது மடங்கே.

வளைவுகளின் நிலையும் இத்தகையதே. நேரே செல்ல விழையும் பொருளை வளைத்துச் செலுத்துவதற்கு உட்புறமாக ஒரு விசை வேண்டும். சமமான வீதியில் அதனைத் தருவதும் உராய்வே. 30 மீற்றர் ஆரையுள்ள வளைவில், ஈர வீதியில், மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீற்றருக்கு மேற்படின் வாகனம் வழுக்கி நேர்கோட்டை நாடும். மலை வீதியில் நேர்கோடு என்பது பள்ளத்தாக்கு. மாட்டுக்கென வகுத்த அவ்வளைவில் மாடு ஒருபோதும் வழுக்கியதில்லை. அது வேண்டிய விசை உராய்வு தரக்கூடியதில் நூறிலொரு பங்குமன்று. கூரையிற் பாரம் ஏற்றிய உயரமான வாகனமோ வழுக்குமுன்னரே கவிழ்ந்துவிடலும் கூடும்.

இவ்விதிகளை நாட்டின் சட்டம் மெல்ல மெல்லவே பின்தொடர்ந்தது. இங்கு அலுவிகாரை மீண்டும் வரலாற்றில் இடம்பெறுகின்றது. இவ்வூர்க் குடும்பத்தில் 1895 இற் தோன்றிய சேர் றிச்சாட் அலுவிகாரை, முதலாம் உலகப் போரிற் போர்முனை கண்டவர். 1947 இல் இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபராகப் பதவியேற்று 1953 வரை அப்பதவியை வகித்தவர். அவர் பதவியிலிருந்த காலத்திலேயே 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. வாகனப் பதிவு, சாரதி அனுமதி, வேக எல்லை, விபத்தின்போது சாரதியின் கடமை ஆகியவற்றை வகுத்த அச்சட்டம், பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1848 ஆம் ஆண்டுச் சட்டம் வீதியை அமைக்குமாறு மக்களைப் பணித்தது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வீதியில் எவ்வாறு செல்வது எனப் பணித்தது. முன்னையதை மக்கள் எதிர்த்துப் போராடினர். பின்னையதை எவரும் எதிர்க்கவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்டு மீறினர். 1958 சனவரியிற் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. தனியார் கம்பனிகள் பயணிகளுக்காக ஒன்றையொன்று முந்தி ஓடிய போட்டியும் அம்மாற்றத்தை வேண்டி நின்றோர் எடுத்துக்காட்டிய குறைகளுள் ஒன்று. 1970 களின் இறுதியிற் தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அப்போட்டியும் மீண்டது.

முதல் விதிக்கு நேர்விடையாக அமைந்த கருவி இருக்கைப் பட்டி. தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிணிக்கும் மும்முனைப் பட்டியைச் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின் வொல்வோ நிறுவனத்திற்காக 1959 இல் அமைத்தார். அவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்தது. இலங்கையிற் சாரதியும் முன்னிருக்கைப் பயணியும் பட்டி அணிதல் கட்டாயமானது 2011 இல். இடைப்பட்டது 52 ஆண்டுகள். அப்பட்டி செய்வது யாது? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மனிதனின் இயக்கச் சத்தி, அவன் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சத்திக்குச் சமம். 72 இல் அது 20 மீற்றர், அஃதாவது நெடிய தென்னையின் உச்சி. தென்னையில் ஏறுபவன் தளைநாரின்றி ஏறமாட்டான். உயரம் கண்ணுக்குத் தெரிகின்றது. வேகம் அவ்வாறு தெரிவதில்லை. வாகனத்தில் அமர்ந்தவன் அசையாமல் அமர்ந்திருப்பதாகவே உணர்கின்றான். அவனுள் இன்னமும் கரத்தைக்காரனே இருக்கின்றான்; நிறுத்தினால் நிற்கும் என்று நம்புகின்றான்.

மூன்றாம் விதி தாக்கமும் மறுதாக்கமும் சமமும் எதிருமாகும் என்பது. விசை சமமாயின் துன்பமும் சமமாதல் வேண்டுமே என எண்ணுவோர் உளர். 10,000 கிலோகிராம் திணிவுள்ள பாரவூர்தியும், ஓட்டுநருடன் 200 கிலோகிராம் திணிவுள்ள மோட்டார்ச் சைக்கிளும் மோதுமாயின், இரண்டன்மீதும் தாக்கும் விசை சமமே. ஆயின் மோட்டார்ச் சைக்கிளின் வேகத்தில் நிகழும் மாற்றம் பாரவூர்தியினதைப்போல் 50 மடங்கு. இயற்கையின் விதி இருவரையும் ஒப்பவே நடத்துகின்றது. அவ்வொப்புமையே எளியவனைக் கொன்றுவிடுகின்றது. 2010 களின் பிற்பகுதியில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் வீதி விபத்துகளில் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றோரும் நடந்து சென்றோரும் முச்சக்கர வண்டியிலும் மிதிவண்டியிலும் சென்றோருமேயாவர். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இவ்வாறு மடிகின்றனர். அவர்களிலும் அரைவாசிக்கு மேற்பட்டோர் இத்தகையோரே. 1840 களில் இவ்வீதியின் வடபகுதியில் மாண்டோரும் வாகனம் இல்லாதோரே என்பது இங்கே நினைத்தற்குரியது.

2025 மே 11 ஆம் நாள், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற பேருந்தொன்று கொத்மலை, கெரண்டியெல்லப் பகுதியிற் பள்ளத்திற் பாய்ந்து 20 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் நாடெங்கும் மலை வீதிகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. சாரதியைக் குறைகூறுவோரும் வாகனத்தைக் குறைகூறுவோரும் வீதியைக் குறைகூறுவோரும் எனக் கருத்துகள் பலவாயின. மலை வீதி யாருக்காக எந்த வேகத்திற்கு அமைக்கப்பட்டது என்ற வரலாற்று வினாவை எழுப்பியோர் மிகச் சிலர். வளைவைத் திருத்துவதும் ஓரத்தே காப்புவேலி அமைப்பதும் நடப்போர்க்கு நடைபாதை இடுவதும் பொருட்செலவுடையன என்பது உண்மையே. செலவு செய்யவியலாதவிடத்து வேகத்தைக் குறைத்தல் செலவில்லாதது.

அலுவிகாரையில் இன்று வீதியின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உள்ளன. ஏலமும் கறுவாவும் மிளகும் காண வரும் வெளிநாட்டினரின் வாகனங்கள் சடுதியாகத் திரும்பி உள்ளே நுழைகின்றன. போயா நாளில் வெண்ணிற ஆடை அணிந்த முதியோர் பூத்தட்டுடன் வீதியைக் கடந்து விகாரைக்குச் செல்கின்றனர். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மார்கழிப் போயா நாளொன்றை எடுத்துக்கொள்வோம். வீதியின் அகலம் 7 மீற்றர். செக்கனுக்கு 1 மீற்றர் நடக்கும் மூதாட்டி அதனைக் கடக்க 7 செக்கன் வேண்டும். அந்நேரத்தில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வான் 117 மீற்றர் ஓடிவிடும். ஆதலின் அவர் அடியெடுத்து வைத்தபோது அது வளைவுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்திருக்கும். வளைவைத் தாண்டிச் சாரதி அவரைக் காணும்போது இடையே 40 மீற்றர் உள்ளதெனக் கொள்வோம். அவ்வேகத்தில் ஈர வீதியில் நிற்பதற்கு 52 மீற்றர் வேண்டும். தடுப்பை முழுதும் அழுத்திய பின்னரும் அவ்வான் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தோடு அவர் நிற்குமிடத்தை அடையும். அதே வான் மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்திருப்பின், அவருக்கு 13 மீற்றர் முன்பாகவே நின்றிருக்கும்.